அசையக் கூடாத சனிக்கிழமை

கடவுளை வீட்டைவிட்டுத் துரத்தி, காலியான இடத்தில் பேஸ்போலைக் குடிவைத்துக்கொண்ட ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேண்டுமென்றே ராகுகாலத்தில் வீடு குடிபுகுவார்கள். கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்க வருபவரை வாசலில் நிறுத்திவைத்து, அவர் வந்த வேலையையே மறக்கும் வரை பிரபஞ்சத்தின் தோற்றத்தை விளக்குவார்கள். சாதகம் பார்த்த கல்யாணம் என்றால் சாப்பாட்டுக்கு மட்டும் போவார்கள். ஆனால் அமெரிக்காவில் தங்கள் அணி வென்றுகொண்டிருக்கும்வரை, போட்டிருக்கும் சட்டையைத் துவைக்க விடமாட்டார்கள். கேட்டால், அது வேறு என்பார்கள். எது வேறு?

மெல்பேர்னில் மல்கிரேவ் வாசியான மகேந்திரராஜா இந்த இனத்தின் முற்றிய மாதிரி. மகன் தனோஜன் அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் பந்து எறிபவனாகச் சேர்ந்த பிறகு நோய் இரட்டித்தது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் இங்கே சனிக்கிழமை காலை. அன்று காலை தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் தனோஜனைப் பார்ப்பதற்கென்றே மைதானத்துக்கு வந்திருந்தார்கள். பையனும் ஒன்பது இன்னிங்ஸில் ஆறு முடிந்தும், எதிரணி அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை.

இப்படி ஒருவன் எறிந்துகொண்டிருக்கும்போது, இன்னும் ஹிட் கொடுக்கவில்லை என்பதை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கலைந்துவிடும் என்பது பேஸ்போல்காரர்களின் ஐதீகம். சக வீரர்கள் அவன் பக்கத்தில்கூட உட்காரமாட்டார்கள். அந்த ஐதீகத்தைப் பசிபிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அமுல்படுத்தினார் நம் பகுத்தறிவாளர்.

குசினி வாசலில் நின்ற மனைவி யோகா திரையைக் கூர்ந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை முழங்கையை முழங்கையைத் தடவுறான்."

"ஸ்ஸ்! அசையாதையும். நீர் உதில நிண்டபடியாத்தான் மூண்டு பேர் அவுட்."

"அடுப்பில பால் பொங்குது."

"பொங்கட்டும்."

"அணியின்ர பிசியோவுக்கு ஒரு கோல் எடுங்கோ. நம்பர் உங்களிட்டத்தானே கிடக்கு."

"இப்ப எடுத்தாக் குழம்பிடும்."

"என்ன குழம்பும்?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். சொன்னால் சொன்னதாகிவிடுமே!

இதே மனிதர்தான் சென்ற மாதப் பகுத்தறிவாளர் கூட்டத்தில், "கல்லூரிக்கு மைதானம் நிறைய வசூல், பிள்ளைகளுக்கு முழங்கையில் சத்திரசிகிச்சை! இது விளையாட்டா, சுரண்டலா?" என்று மேசையில் குத்தினார். கைதட்டல் பலமாக இருந்தது. இப்போது அந்த முழங்கை அவருடைய மகனுடையது. மேசையும் பக்கத்தில்தான் இருந்தது.

"நான் கோயிலுக்கு நேர்த்தி வைச்சா நக்கலடிப்பியள். நீங்கள் இப்ப செய்யிறதுக்கு என்ன பேர்?" என்றபடி யோகா வாசலைவிட்டு வந்து, அவர் மடியில் கிடந்த போனைப் பறித்து அழைத்தாள்.

பிசியோ உடனே எடுத்தார். இப்போதுதான் ஒரு ஹிட் போனதாம், பயிற்சியாளர் தனோஜனை வெளியே எடுத்துவிட்டாராம், முழங்கை வீங்கியிருக்கிறதாம். வலி இருப்பது முன்னமே தெரிந்ததுதான், ஹிட் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்த நேரத்தில் அவனிடம் யார் போய்ப் பேசுவது என்று அவரும் இழுத்தார்.

அவள் போனை வைத்த பிறகுதான் திரையில் மட்டை பந்தில் பட்டது.

"பாத்தீரே! அசைஞ்சீர், அடிச்சிட்டான்!"

"உந்த ஒளிபரப்பு ரெண்டு மூண்டு நிமிசம் பிந்தி வாறது. நான் அசைய முதலே அடிச்சு முடிஞ்சுது. அறிவியல்காரர் விளங்கப்படுத்துங்கோ."



ஸ்கேனில் தசைநார் அறுந்திருக்கவில்லை. இன்னும் ஓர் இன்னிங்ஸ் எறிந்திருந்தால் அறுந்திருக்கும் என்றார் மருத்துவர். மகேந்திரராஜா மகனிடம் மன்னிப்புக் கேட்டார், யோகாவிடமும் கேட்டார், உண்மையாகவே கேட்டார். திருந்திவிட்டார் என்றுதான் நானும் நம்பினேன். அடுத்த வாரம் அவருக்குப் பிடித்த தொழில்முறை அணி ஆடியபோது, ஆட்டம் தொடங்க முன்பே கதிரையில் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"இதென்ன கோலம்?" என்றாள் யோகா.

"ஒளிபரப்பு பிந்தி வருதெல்லே. அதுதான் முந்தியே இருக்கிறன்."

சிரிக்கிறீர்கள். நல்லது, நாம் பகுத்தறிவாளர்கள், சிரிக்க உரிமை உண்டு. சென்ற உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் யாரை எழும்பவிடாமல் "ஸ்ஸ்" என்றீர்கள் என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவருக்கு அப்போது எங்கே வலித்தது என்று கேட்டீர்களா?