பவளத்துக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை

"பத்தே நாள்! பத்து நாளுக்குள்ள இந்தப் பவளத்துக்கு என்ன வியாதின்னு நான் கண்டுபிடிக்கலேன்னா, தொட்டியை ஜன்னலை விட்டு எடுத்துடறேன். அந்த இடத்துல உன் தையல் மெஷினைப் போட்டுக்கோ!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் லேப்காரர் கெட்டது இந்தச் சவாலில்தான். மனைவி பதிலுக்குச் சண்டை போடவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னது பதினாறு வருஷத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை, இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோது. அதற்காக அவள் இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

அந்த வீட்டில் வெளிச்சம் வருவது கூடத்து ஜன்னல் ஒன்றில்தான். அந்த இடத்தை மூன்று வருஷமாக, உயிருள்ள பவளமும் மீனும் இறாலும் வளரும் ஒரு கடல்நீர்த் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. தையல் மெஷின் கிடப்பதோ சமையலறைக்குப் போகும் இடைவழியில். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் தைத்தாள். "மீனுக்கு மேலதான் தனியா விளக்கு எரியுதே, அதுக்கு எதுக்குங்க ஜன்னல்?" என்று மாதம் ஒரு முறையாவது கேட்பாள். அவர் காதில் விழாது.

லேப்காரர் என்றால் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர். ஞாயிறு உட்பட, காலை முதல் இரவு வரை ஊசியோடு நிற்கிற மனிதர். அவரைக் கண்டாலே குழந்தைகள் அலறும். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் வருகிறார் என்று மலர்கிற ஒரே உயிர் அந்தப் பச்சைப் பவளம்தான். கட்டைவிரல் அளவில் வாங்கி வந்தது. கைப்பிடி அகலத்துக்கு வளர்ந்து, நூறு பச்சை விரல்களை நீட்டித் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு மாதமாக விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. ஓரமெல்லாம் வெளுத்து எலும்பு தெரிந்தது.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பரிசோதனை. காலை ஆறு மணிக்கு ஒரு முறை தண்ணீர் எடுப்பார். நோட்டில் 'வெறும் வயிறு' என்று எழுதுவார். இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு முறை. 'சாப்பாட்டுக்குப் பின்'. பவளம் என்ன பலகாரமா சாப்பிடுகிறது என்று கேட்டால் கோபம் வரும். பத்தொன்பது வருஷத் தொழில் பழக்கம்.

உப்பு சரி. கால்சியம் சரி. சூடு இருபத்தாறு டிகிரி, சரி. நோட்டின்படி நோயாளி குத்துக்கல்லாட்டம் இருந்தார். தொட்டியில்தான் செத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சந்தேகம் இறாலின் மேல் விழுந்தது. அதைப் பிடித்து வாளியில் போட்டார். நான்காம் நாள் மஞ்சள் மீனும் அதே வாளிக்குப் போனது. ஐந்தாம் நாள் தொட்டி வாங்கிய கடைக்காரருக்குப் போன்.

"அண்ணே, ஓரமெல்லாம் வெளுத்துக்கிட்டே வருது."

"சூடு எவ்வளவு?"

"இருபத்தாறு. எப்பவும் இருபத்தாறுதான். ரெண்டு வேளையும் அளக்கறேன்."

"அப்போ எனக்கும் புரியலையே. எதுக்கும் மனசைத் தேத்திக்குங்க."

மனசைத் தேற்றுவதா! அன்று வேலையில் ஒரு பெரியவரிடம், "உங்க உப்பு சரியா இருக்கு, விரலை மட்டும் ஏன் உள்ள இழுத்துக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் ரத்தம் கொடுக்காமலேயே எழுந்து போய்விட்டார்.

ஏழாம் நாள் அவருக்குப் பொறி தட்டியது. பவளம் செத்தால் யாருக்கு லாபம்? யாருக்கு ஜன்னல் கிடைக்கும்? கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து தரையை எதைப் போட்டுத் துடைச்சே?"

"தண்ணி போட்டு."

"வேற?"

"துணி போட்டு."

"வாசனைத் தண்ணி ஏதாவது அடிச்சியா?"

"வாசனைக்கு இந்த வீட்டுல ஏதுங்க இடம்? ரெண்டு மாசமா கடல் நாத்தம்தானே அடிக்குது."

"தொட்டிக்குள்ள கையை விட்டியா?"

"நான் விடலை. நீங்கதான் ஒரு நாளைக்கு பத்து தடவை விடறீங்க. அந்தக் கையாலேயே வந்து சாப்பிடறீங்க."

விசாரணை அத்துடன் முடிந்தது. குற்றவாளி சிரித்துக்கொண்டே சட்டைக்குக் காஜா எடுக்கப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் அவர் சாப்பிடவில்லை. வெளுப்பு பாதியைத் தாண்டிவிட்டது. சவாலும் ஜன்னலும்கூட மறந்துபோயின. தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, "போயிடாதேடா கண்ணு" என்று மெல்லச் சொன்னார். இடைவழியில் மெஷின் சத்தம் சற்று நின்றது.

ஒன்பதாம் நாள் மதியம் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்களேன். முகமே சரியில்லை உங்களுக்கு."

வந்தார். மணி மூன்று. கதவைத் திறந்ததும் கண் கூசியது. எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு மேலாக இறங்கிய வெயில், ஜன்னல் வழியே நேராகத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் கண்ணாடியைத் தொட்டார். சுட்டது. வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்தொன்று! பவளம் விரல்களையெல்லாம் சுருட்டிக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினார். "வெயில்! காலையிலயும் ராத்திரியிலயும் அளந்தா எப்படித் தெரியும்? ஒன்பதே நாள்! ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிச்சுட்டீங்க," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "ஜன்னல் உங்களுக்குத்தான். இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

ஜன்னல் இவருடையது. வெயிலும் இவருடையது.

"ஜன்னல்ல ஒரு திரை போட்டா?"

"போடலாம். துணி எடுக்கணும், வெட்டணும், தைக்கணும். கையில நாலு கவுன் இருக்கு. அடுத்த வாரம் தைச்சுத் தர்றேன். அதுவரைக்கும் அது தாங்குமா?"

தாங்காது. பார்த்தாலே தெரிந்தது. அவர் குரல் தழைந்தது.

"இந்தா பாரு, உன் மெஷின் இருக்கற இடம் நல்லா குளுமையா இருக்குல்ல..."

"ஐயோ, வேணாங்க. எனக்கு அந்த இருட்டு பழகிப் போச்சு."

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணு."

"ஜன்னல்ல உட்கார்ந்தா தெருவே என்னைப் பார்க்கும்."

"உன் கால்ல வேணாலும் விழறேன்!"

"சீ, அதெல்லாம் எதுக்கு? மாத்தின பிறகு மறுபடி ஜன்னல் வேணும்னு கேட்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சத்தியமா கேட்கமாட்டேன்!"

வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து, தொட்டியைத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி வாளி வாளியாக ஊற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மெஷினை ஜன்னலடிக்குத் தள்ளியதும் அவர்தான்.

பத்து நாள் கழித்து, அபூர்வமாக வாய்த்த ஒரு விடுமுறை நாளில், முதல் பச்சை விரல் வெளியே எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. லேப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்ல செய்தியை மனைவிக்குச் சொல்லக் கூடத்துக்கு ஓடினார். மணி மூன்று. கூடம் குளுகுளுவென்று இருந்தது. ஜன்னலில் தடித்த நீலத் திரை ஒன்று தொங்க, அதன் நிழலில் அவள் சுகமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அட! திரை தைச்சிட்டியா?"

"தைக்கிறதாவது! மூணு வருஷமா இந்த ஜன்னல்ல தொங்கினதுதாங்க. மத்தியான வெயிலுக்கு மட்டும் இழுத்து விடுவேன். ரெண்டு மாசம் முன்னாடி துவைக்கக் கழட்டினேன். என்னைக்காவது கேட்பீங்கன்னு பார்த்தேன்."