பாட்டில் சுவர்

சேலையைத் தொங்கவிட்டும் சுவர் மறையவில்லை. வெயில் ஏற ஏற, சேலைக்குப் பின்னாலிருந்து வட்டம் வட்டமாக மினுங்கியது.

வேலை பார்த்த மில்லை மூடியபிறகு, செங்கல் வாங்க வழியில்லாத வரதராஜுலு, காலி பிராந்தி பாட்டில்களைச் செம்மண்ணில் படுக்கவைத்து முன்னறைச் சுவரைத் தானே எழுப்பியிருந்தார். பச்சையும் பழுப்புமாக விழும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் மகள் தேஜஸ்ரீ ஊராருக்கு ஜாக்கெட் தைப்பாள். இரண்டு சம்பந்தம் அந்தச் சுவரைப் பார்த்தே தட்டிப்போயிருந்தது.

"இதுவும் போச்சுன்னா இனி யாரு முன்னாலயும் வந்து நிக்கமாட்டாளாமுங்க," என்றாள் மனைவி பங்காரம்மா.

"நான் பேசிக்கறேன். நீ காப்பியைப் பாரு."

பக்கத்துச் சூலூரிலிருந்து மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் விரலால் சேலையை விலக்கினாள்.

"ஏனுங்க, இத்தனையும் நீங்களே குடிச்சதுங்களா?"

"ஐயோ, இல்லீங்க. ஆஸ்பத்திரியில போடற குளுக்கோஸ் பாட்டிலுங்க."

"குளுக்கோஸ் பாட்டில் வெள்ளையா இருக்குமுங்களே?"

"இது பெரிய நோவுக்குப் போடறதுங்க."

லட்சுமியம்மாள் காப்பியைக் கீழே வைத்தாள். "பெரிய நோவு யாருக்குங்க? பொண்ணுக்குங்களா?"

"எங்க ஊட்டுல யாருக்குமில்லீங்க," என்று பதறினார் வரதராஜுலு. "இதெல்லாம் செத்துப்போனவங்களோடதுங்க."

உள்ளே தேஜஸ்ரீ தலையிலிருந்த பூவைக் கழற்றிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா வெங்கடபதி வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. சுவரைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

"எங்க ஊட்டுக்காரரு மோரைத் தவிர எதையும் தொடமாட்டாருங்க," என்றாள் லட்சுமியம்மாள். "அப்படி ஆசாரமா இருக்கறவரைக் கொண்டாந்து இந்தச் செவுத்துக்கு முன்னால உக்காத்திப்போட்டீங்களே."

"போலாம், எந்திரி," என்றார் வெங்கடபதி. அவசரமாகச் செருப்பைத் தேடினார். இடது காலில் மாட்டியது வரதராஜுலுவின் செருப்பு.

வாசலில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பழைய பாட்டில் வாங்கும் யாகூப், சாக்குமூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தான். வெங்கடபதியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்ணா, மூட்டை மூட்டையா உங்க பாட்டிலை எடுத்துட்டுப் போயி என்னதான் பண்றேன்னு கேட்டீங்களே, பார்க்க வந்தீங்களா?"