'டிஸ்' போட்டு மாட்டிக்கொண்ட டெஸ்மண்ட்

சனிக்கிழமை லீட்ஸ் மைதானத்தில் நண்பன் நைஜலோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தே தீருவது என்று டெஸ்மண்ட் சபதம் எடுத்தான்.

எடுத்த மறுநாளே விழாக் குழுத் தலைவர் ஹெப்டன் கூப்பிட்டார். அதே சனிக்கிழமை ஊர்க் கண்காட்சி. ஜாம் போட்டிக்கு அவன்தான் நடுவராம். போன வருட நடுவர் ரொட்டிக்கடை அம்மாளின் ஜாமுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். பாவம் மனுஷன், இன்றும் ரொட்டி வாங்க அடுத்த ஊருக்குத்தான் போகிறார்.

"முடியாதுன்னு சொல்லிடப்போறேன்," என்றான் மனைவி மியூரியலிடம்.

"சொல்லேன். யாரு உன் வாயைப் பொத்தினா?"

"சும்மா சொன்னா விடமாட்டார். எனக்கு ஜாம்ல துளி ஆர்வம் கிடையாதுன்னு ஆணி அடிச்ச மாதிரி சொல்லணும். 'அன்இன்ட்ரஸ்டட்' சப்புனு இருக்கு. 'டிஸ்இன்ட்ரஸ்டட்'னா படிச்சவன் பேச்சு மாதிரி கனமா இருக்கும்ல?"

மியூரியல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை அவள் நிறுத்தவில்லை.

"ரொம்ப கனம்," என்றாள்.

மறுக்க ஒரு சொல் போதும். ஆண்களுக்கு மட்டும் அதற்கும் அலங்காரம் வேண்டியிருக்கிறது. டெஸ்மண்ட் போனை எடுத்தான்.

"ஹெப்டன், இந்த ஜாம் விஷயத்துல நான் முழுக்க முழுக்க டிஸ்இன்ட்ரஸ்டட்."

அந்தப் பக்கம் குரல் தழுதழுத்தது. "இந்த ஊர்ல இப்படிச் சொல்ல ஒரு மனுஷன் இருக்கானேப்பா. உன் பேரை அறிவிச்சிடறேன்." வைத்துவிட்டார்.

"நான் அப்படி என்ன சொல்லிட்டேன்?"

"ஆர்வம் இல்லாதவன்னா 'அன்'. 'டிஸ்'னா ஆதாயம் பார்க்காதவன், ஓரவஞ்சனை தெரியாதவன். நடுவருக்கு வேற என்ன தகுதி வேணும்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"திருத்தினா, வீட்டுலயும் கிளாஸ் எடுக்கிறேன்னு சொல்லுவ. போன வாரம்கூடச் சொன்ன."

டெஸ்மண்ட் யோசித்தான். முகம் மலர்ந்தது. "உன் ஜாமும் போட்டியில இருக்கே. பெண்டாட்டி ஜாமுக்கு மார்க் போடறவன் எப்படி நடுநிலை ஆவான்? செல்லாது."

"காலையில நீ குளிக்கும்போது அந்த 'டிஸ்'ஸை ஒத்திகை பார்த்த பாரு, அப்பவே என் ஜாமை வாபஸ் வாங்கிட்டேன்."

"ஏன்? கோடை பூரா கிண்டினியே?"

"இப்ப அன்இன்ட்ரஸ்டட். நைஜல்கிட்ட சொல்லிடு, சனிக்கிழமை உன் சீட்ல நான் உட்கார்றேன்னு."