புல்லுக்குள் போன அதிகாரி

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் மரவாடியும் நலம். அங்கு தாங்களும், கையில் பெட்டியோடு வந்திறங்கிய தங்கள் தங்கையாகிய என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மரவாடிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் நிலத்தில் எரிபொருள் புல் போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது, மரத்தொழில் செய்பவர்களுக்கு முன்னுரிமை, மின்நிலையத்துக்காரர்களே வந்து அறுத்துப்போய் எரித்துக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னது தாங்கள்தான். குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். ஆர்டர் இல்லாமல் ரம்பம் பாதி நாள் சும்மா நின்ற நேரம், அதனால் நட்டேன். அது வளர்ந்தது. இடுப்பைத் தாண்டி, தலையைத் தாண்டி, சமையலறை ஜன்னலை அடைத்து, பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைக்கும்படி ஆயிற்று, கொடியில் காயப்போட்ட துணியைத் தேடிப் போனவள் பக்கத்து வீட்டுக் கொல்லையில் வெளியே வந்தாள், நானும் களையெடுக்கிறேன் என்று உள்ளேயே கிடந்ததால் சாப்பிடக் கூப்பிட்டால் குரல் மட்டும்தான் வந்தது. "நீங்க புல்லோடயே குடித்தனம் பண்ணுங்க. அதை வெட்டினதும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அன்றே வெட்டியிருப்பேன். ஆனால் அதிகாரி வந்து பயிர் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு இலையைக்கூடக் கிள்ளக்கூடாது என்பது விதி.

நேற்றுத்தான் வந்தார். நல்ல மனிதர், பளபளவென்று ஷூ. அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு உள்ளே போனார். நாடா முடிந்தது, அவர் நடை முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன், வெறும் நாடா வந்தது.

"சார், எங்க இருக்கீங்க?"

"புல்லுக்குள்ள."

"எந்தப் பக்கம் சார்?"

"எல்லாப் பக்கமும் புல்லுதான்யா."

சத்தத்தைக் கேட்டாவது வரட்டும் என்று ரம்பக்காரரிடம் ரம்பத்தை ஓட்டச் சொன்னேன், யாரோ ரம்பத்தோடு தன்னைத் துரத்துவதாக நினைத்து அதிகாரி எதிர்த்திசையில் ஓடியது பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குரலும் நின்றுவிட்டது. மானியம் போனால் போகட்டும், ஒரு குடும்பஸ்தர் என் நிலத்தில் தொலைந்தார் என்ற பேர் வேண்டாம் என்று நானும் ரம்பக்காரரும் அரிவாளை எடுத்து ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனோம். கடைசித் தூர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து சுற்றிலும் பார்த்தார்.

"பயிர் எங்கய்யா?"

"இவ்வளவு நேரம் நீங்க அதுக்குள்ளதானே சார் இருந்தீங்க."

"உள்ள இருந்தேன். தள்ளி நின்னு பாக்கணும்னுதான் விதி. இப்ப ஒண்ணும் நிக்கலையே" என்று சொல்லி, ஷூவைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, மானியமும் இல்லை, புல்லும் இல்லை. பரவாயில்லை. இன்று காலை சமையலறைக்குள் வெயில் வந்தது. அதில் தனியாக நின்று டீ போட்டேன், வாயில் வைக்க முடியவில்லை. அவளை அனுப்பி வைக்கவும். பஸ் நிறுத்தத்தில் நானே வந்து நிற்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

தங்கள் பணிவுள்ள,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அதிகாரி போன் செய்தார். வெட்டிய தூரிலிருந்து புல் தானாகவே முளைக்குமாம், முன்னைவிட அடர்த்தியாக. "நானே உள்ள தொலைஞ்சு போனேன் சார்" என்று அவர் மேலதிகாரியிடம் சொன்னதில், வட்டாரத்திலேயே முதல்தரப் பயிர் இதுதான் என்று முடிவாகிவிட்டதாம். வளர்ந்ததும் மறுபடி வருகிறார், இந்த முறை ஏணியோடு. ஆகவே அவளை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, தாங்களே சொல்லிவிடவும். நான் தூர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன்.