உங்கள் ரோஜாவின் உண்மை நிலவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும், என் ரத்தக் கொதிப்பைச் சேர்க்காவிட்டால், சௌக்கியம். அங்கு தாங்களும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. "நான் இல்லாமலே தோட்டம் இவ்வளவு செழிப்பாக இருக்கிறது, இனி அங்கு வந்து என்ன செய்யப்போகிறேன், இங்கேயே மகனோடு இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. மகன் வீட்டில் அப்பா இருப்பதற்கு யார் ஆட்சேபம் சொல்ல முடியும்? ஆனால் நான் அனுப்பிய படங்களை நம்பித்தான் தாங்கள் இந்த முடிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்பதால், அவை எப்படி எடுக்கப்பட்டன என்று தெரிவிப்பது என் கடமையாகிறது. என் மகள் தூண்டிவிட்டு இதை எழுதுவதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள்.

புறப்படும்போது வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, "செடிங்க எப்படி இருக்குன்னு பருவத்துக்குப் பருவம் படம் எடுத்து அனுப்புங்க சம்பந்தி, அது போதும் எனக்கு" என்றீர்கள். நானோ ஆயுள் முழுவதும் ஸ்டூடியோவுக்குள் பாஸ்போர்ட் படம் எடுத்தவன். வெட்டவெளியில் கேமராவை உறையிலிருந்து எடுத்ததுகூடக் கிடையாது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் சம்பந்தி வாய்விட்டு ஒன்று கேட்கும்போது எப்படி மறுப்பது? வசந்தம் வந்தது, ரோஜா பூத்தது. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமே என்று கடையின் பழைய திரையைக் கொண்டுபோய்ச் செடிக்குப் பின்னால் இரண்டு கழிகளில் கட்டினேன். ஒரு காற்று அடித்தது பாருங்கள், திரை கிளம்பிப் போய், வாசலில் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்த தபால்காரரை முழுதாக மூடிவிட்டது. பட்டப்பகலில் அந்த மனிதர் உள்ளேயிருந்து, "யாருங்க அது விளக்க அணைச்சது?" என்று கேட்டார். அவரை வெளியே எடுத்து, மன்னிப்புக் கேட்டு, திரையை மறுபடி கட்டினால், ரோஜா ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பழக்க தோஷம், "தலைய கொஞ்சம் நிமிர்த்துங்க, தாடைய இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மதிலுக்கு அந்தப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா இதைக் கேட்டுவிட்டார். மாலையில் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு நாளா இப்படி இருக்காரு?" என்று விசாரித்திருக்கிறார். "கல்யாணம் ஆனதிலேர்ந்து" என்றாளாம் இவள்.

கோடையில் சூரியகாந்தி. அது என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு காதும் தெரியாவிட்டால் படம் செல்லாது என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவன் நான், ஒரு பூவின் பின்னந்தலையை எப்படித் தங்களுக்கு அனுப்புவேன்? கழுத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். மெதுவாகத்தான் திருப்பினேன், மளுக்கென்றது. கைக்குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்: அம்மாவை வெள்ளைத் துணியால் போர்த்திவிட்டு, உள்ளேயிருந்து குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வோம். படத்தில் குழந்தை மட்டும்தான் தெரியும். அதேபோல் என் மனைவியைப் போர்த்தி, சூரியகாந்தியை அவள் கையில் கொடுத்து நிறுத்தினேன். "கை வலிக்குதுங்க" என்றாள் உள்ளேயிருந்து. "வலி படத்துல விழாது, அசையாம நில்லு" என்றேன். இந்தச் சமயம் பார்த்து நர்ஸம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார்.

இனிதான் முக்கியமான விஷயம். மழைக்காலத்தில் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி பிடித்துவிட்டது. தாங்கள் பார்த்த படத்தில் ஒரு பூச்சியும் இருந்திருக்காது, ஏனென்றால் நான் டச்சப் செய்தேன். பருவை அழிக்காமல், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடுக்காமல் என் கடையிலிருந்து ஒரு முகம் வெளியே போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தங்களுக்கு நான் அனுப்பிய என் மகளின் படம்கூட... சரி, அது முடிந்துபோன விஷயம். ரோஜாவும் அப்படித்தான், நான் அனுப்பிய படங்களில் பழுத்த இலையையெல்லாம் பச்சையாக்கி, தொங்கிய மொட்டையெல்லாம் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். உண்மையில் இந்தக் குளிர்காலத்தில் அது இருக்கிற கோலத்தை இத்துடன் இணைத்திருக்கும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நான் கையே வைக்கவில்லை. இலைக்கு இலை ஓட்டை. தாங்கள் நேரில் வந்து ஏதாவது செய்தால்தான் உண்டு, என்னால் ஆகாது.

மற்றபடி, எனக்கென்று தனிப்பட்ட முறையில் ஒன்றும் இல்லை. நீங்கள் இங்கே இருந்தபோது தினமும் சாயங்காலம் தோட்டத்தில் நின்றுகொண்டு, "உங்களுக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது சம்பந்தி" என்பீர்கள். நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன், மறுநாள் திரும்பவும் போவேன். இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. சாயங்காலம் போகவே மாட்டேன் என்கிறது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்தால் ஜன்னலோரமாகக் கேளுங்கள், தங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மரியாதையுள்ள,
சம்பந்தி

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுவது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், உறையை ஒட்டும் முன் படித்துவிட்டேன். திரையும் சூரியகாந்தியும் நடந்தது நடந்தபடி, எனக்கு இன்னும் தோள் வலிக்கிறது. அதற்குக் கீழே டச்சப் என்று எழுதியிருப்பதெல்லாம் புளுகு. செம்பருத்தியில் ஒரு பூச்சியும் இல்லை. முன்பு வந்த படங்களில்தான் அவர் கை வைக்கவில்லை. விடிந்ததும் அங்கே போய்விடுகிறார், தண்ணீர் விடுகிறார், இலை இலையாகத் துடைக்கிறார். தோட்டம் ஜம்மென்று இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் பூதக்கண்ணாடியையும் பழைய பிரஷ்ஷையும் தேடி எடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு நல்ல ரோஜாப் படத்தில் ஓட்டை வரைய ஆரம்பித்தார். ஊரார் முகத்தில் இருந்த புள்ளியையெல்லாம் அழித்த மனுஷர் புள்ளி வைத்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் உங்கள் தோட்டத்தில் இரண்டு நாற்காலி போடுகிறார். ஒன்று எதற்கு என்று கேட்டால் கேமராப் பைக்கு என்கிறார். பை அவர் மடியில்தான் இருக்கிறது.

வருவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம். அந்தப் படத்தை மட்டும் ஈர விரலால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் அண்ணா. ஓட்டையெல்லாம் விரலோடு வந்துவிடும். ரோஜா அப்படியே இருக்கும்.