ஐயா இல்லை, கணக்கு பத்திரம்

ராஜபாளையம்,
20.8.1998

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை திரு. மாரிச்சாமி அவர்களுக்கு, மாமனார் கண்ணுச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீடும் கொல்லைத் தென்னையும் சுகம். அங்கே தாங்களும் என் மகள் பரிபூரணமும் சுகமாக இருக்க வேண்டும். மழை இல்லை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை என்று எழுதி ஒட்டிவிடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஊரில் யாராவது முந்திக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டு துக்கம் விசாரித்துவிட்டால் நீங்கள் பதறிப் போவீர்கள் என்பதால், நடந்ததை நானே விவரமாக எழுதிவிடுகிறேன். முதலில் ஒன்று: நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

உங்கள் மாமியார் திவசத்துக்கு வந்திருந்தபோது என் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "மாமா, ஒங்க கட்சிக்காரங்க எதுக்கு நேர்ல வந்து ஒங்க உசுர வாங்கணும்? ரிட்டன் போட்டாச்சா, ஆர்டர் வந்துருச்சான்னு கேக்கத்தானே வாராக? அத அவங்களே பாத்துக்கிடுத மாதிரி ஒரு சாப்ட்வேர் போட்டுட்டா, நீங்க பெங்களூர்ல எங்களோட வந்து இருக்கலாமே" என்றீர்கள். விற்பனை வரி ஆலோசகனாக இத்தனை வருடம் இருந்த எனக்கு, கட்சிக்காரன் வராமலே தொழில் நடக்கும் என்பது, பல்லைப் பிடுங்கிவிட்டால் பல் வலி போகும் என்று சொன்ன மாதிரி நியாயமாகத்தான் பட்டது. நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாள்களை எல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில், மதுரைக் கம்பெனி ஒன்று வீட்டுக்கே வந்து செய்து காட்டுவதாக எழுதியிருந்தது. சரி, வரச்சொல்லித்தான் பார்ப்போமே என்று கடிதம் போட்டேன்.

வந்தவர் பெயர் காமராஜ். இந்த வெயிலிலும் கழுத்தில் டை. முன்னறையில் பெஞ்சுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, நான் கொடுத்த கணக்குகளை அதில் ஏற்றி, கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் ஒரு ரகசியச் சொல்லும் கொடுப்போம், அவரவர் வந்து தட்டினால் அவரவர் கணக்கு மட்டும் திரையில் தெரியும், சாரைத் தொந்தரவே செய்ய வேண்டாம் என்றார். அன்றைக்கு பெஞ்சு நிறைய ஆள். சிமென்ட் வியாபாரம் செய்கிற ஆண்டிச்சாமியை முதலில் உட்காரவைத்து, "யாருக்கும் தெரியாத சொல் ஒண்ணு சொல்லுங்க சார்" என்று காமராஜ் காதோரம் கேட்டார். ஆண்டிச்சாமிக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது மற்றவருக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுகிறவர். "கருப்பசாமி துணைன்னு வச்சுக்கோரும்!" என்று அவர் சொன்னது தெருமுனை டீக்கடை வரை கேட்டிருக்கும். அந்தச் சொல் அவர் லாரியின் நெற்றியிலும் பெரிய எழுத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். சோதனை என் தலையில் எழுதியிருந்தது. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் கான்சாபுரம் ரைஸ்மில் மலைச்சாமி. இவர் ஆண்டிச்சாமியின் சம்பந்தி, பையன் வீட்டுக்காரர். தொழில் படுத்துவிட்டது என்று சொல்லி ஆண்டிச்சாமி தலை தீபாவளிச் சீரைக் குறைத்த வருத்தம் இவருக்குள் புகைந்துகொண்டே இருந்திருக்கிறது. கடைக் காபியை ஊற்றிக் கொண்டுவர நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள், காமராஜிடம் பவ்யமாகக் கேட்டு எழுத்தெழுத்தாகத் தட்டவைத்து, சம்பந்தியின் விற்றுமுதல் முழுவதையும் திரையில் வரவைத்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, தொழில் படுத்துருச்சின்னீக. இங்க எந்திரிச்சு ஓடுதே!"

"ஒம்ம கண்ணுல கொள்ளி. யோவ் டை, அத அமத்துய்யா!"

டை எதை அமத்துவது என்று தெரியாமல் எதையோ அமத்த, எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. நல்லவேளை, மின்வாரியத்துக்கு எப்போதும் என்மேல் ஒரு கருணை உண்டு, கரண்டு போனது. சம்பந்திகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வெளியேறினார்கள். காமராஜ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரை பஸ்ஸைப் பிடித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் போனில், "மாமா, ஒண்ணு சரியில்லன்னா இன்னொண்ணு பாருங்க" என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜெயபாய் என்ற அம்மாளைப் போய்ப் பார்த்தேன். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் அவர் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு செருப்பு போய்விட்டது. கெட்டிக்காரப் பெண். திரையே வேண்டாம், போனிலேயே எல்லாம் நடக்கும் என்றார். கட்சிக்காரர் என் நம்பருக்குப் போன் போட வேண்டும்; கம்ப்யூட்டரே எடுத்துப் பேசும்; அவர் தன் எண்ணை அழுத்தினால் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும்; வேறு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம், பதிந்துகொள்ளும். குரல் பதிவு செய்யத் தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று உங்கள் மாமியாரின் சாமான் அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஜெயபாய் தன் குரலிலேயே பேசினார். "ஐயா இப்போது இல்லை" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், மெமரி பத்தல. ஒரு வார்த்தையக் கொறைங்களேன்" என்றார். நானும் யோசித்துவிட்டு, "இப்போது" எதற்கு, அதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

ஆக, ராஜபாளையத்தில் என் நம்பரைச் சுழற்றுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பெண் குரல், நிதானமாக, சர்ச்சில் ஜெபம் சொல்லுவது மாதிரி இப்படிச் சொல்லியது: "வணக்கம். இது கண்ணுச்சாமி ஐயா அலுவலகம். ஐயா இல்லை. உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது. உங்கள் எண்ணை அழுத்தவும்."

மாப்பிள்ளை, சாப்ட்வேர் அருமையாக வேலை செய்தது. அதுதான் கஷ்டமாகிவிட்டது. முதல் மணி அடித்ததுமே அது எடுத்துவிடும். நான் கொல்லையிலிருந்து ஓடிவருவதற்குள் பேசி முடித்துவிடும். பொத்தான் போன் வைத்திருந்தவர்கள் அழுத்திக் கேட்டுக்கொண்டார்கள். சுழற்றுகிற போன் வைத்திருந்தவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டார்கள். யாரும் வரவில்லை. காலையில் பெஞ்சைத் துடைப்பேன், பேப்பர் படிப்பேன், விளம்பரம்வரை படிப்பேன், பிறகு பெஞ்சை மறுபடி துடைப்பேன். காபிக்குச் சொல்லிவைத்திருந்த கடைக்காரன் பிளாஸ்க்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கே சார்" என்று திருப்பிக் கொண்டுபோவான். முன்பெல்லாம் ரிட்டன் என்று வருகிறவர்கள் மகள் கல்யாணம், பங்காளித் தகராறு, பிளவக்கல் அணையில் தண்ணீர் எம்புட்டு என்று மத்தியானம்வரை பேசுவார்கள். எப்போதடா எழுந்து போவார்கள் என்று நினைத்திருக்கிறேன். இப்போது சமயத்தில் ஜெயபாய் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருக்கிற மேஜைப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அது விசிறிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு பூத்துக்குப் போய் என் நம்பருக்கு நானே போன் போட்டேன். ஐயா இல்லை என்றது. சரி, என்ன செய்கிறது பார்ப்போம் என்று வாய்க்கு வந்த ஓர் எண்ணை அழுத்தினேன். "தவறான எண். நீங்கள் எங்கள் கட்சிக்காரர் அல்ல" என்றது. நியாயம்தான். கட்சிக்காரர்களுக்குத்தான் எண். எனக்கு எதற்கு? ஆனாலும் போனை வைக்க மனசு வராமல் நின்றேன். பூத்தில் இருந்த கருத்தம்மா, "யார்ட்ட சார் பேசுதீக? சத்தத்தையே காணோம்" என்றாள். "என்ட்டத்தான்ம்மா" என்றேன். அவள் சில்லறையை என் கையில் வைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாசலில் முக்காலி போட்டு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு. அப்போது ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்துகிற ஆவுடையம்மாள், கையில் ஆளுயர ரோஜா மாலையோடு அழுதுகொண்டே இறங்கினார். என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மாலை காரின் கதவில் சாய்ந்தது.

"ஆடிட்டரய்யா... இருக்கீகளா?"

நான் ஆடிட்டர் இல்லை, ஆலோசகர்தான் என்று எப்போதும் திருத்துவேன். அன்றைக்குத் திருத்தத் தோன்றவில்லை. "இருக்கேன்ம்மா" என்றேன்.

"இருந்துக்கிட்டு ஏன்யா போன எடுக்க மாட்டேங்கீக? ஒரு பொம்பள எடுத்து, ஐயா இல்ல, கணக்கு பத்திரமா இருக்குங்கா. போற காலத்துலயும் நம்ம கணக்கப் பத்திரமா வச்சுட்டுப் போயிருக்காரே மனுசன்னு நான் நேத்துலருந்து அழுதுக்கிட்டு இருக்கேன். ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் சொல்லிவிட்டுட்டேன்!"

சொல்லித்தான் விட்டிருந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. உங்கள் மாமியார் போன அன்றைக்குப் பிறகு இந்த வீட்டில் அத்தனை செருப்பை நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, நான் "வாங்க வாங்க" என்றதும் திடுக்கிட்டு, பிறகு துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஆண்டிச்சாமி வந்தார். பின்னாலேயே மலைச்சாமியும் வந்தார். முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்றவர்கள், இடம் இல்லாததால் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. கடைசியில், "செத்தா வந்து பாக்கோம், இருந்தா வரமாட்டேங்கோம், என்ன பொழப்பு சம்பந்தி" என்று ஆண்டிச்சாமிதான் முதலில் பேசினார். மலைச்சாமி, வந்ததுதான் வந்தோம் என்று அக்குளில் இருந்த பைலை எடுத்து, "ஐயா, இந்த நோட்டீசு என்னன்னு செத்தப் பாருங்களேன்" என்றார். எனக்கு சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மீதி முகத்துச் சோப்பு காய்ந்து இழுத்தது.

ஆவுடையம்மாள் அதற்குள் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவர், வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பர்னருல சிலந்தி கூடு கட்டிருக்கு. எங்கய்யா சாப்பிடுதீக?" என்றார். மெஸ்ஸில் என்றேன். அவர் தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருவரும் தேடி எடுத்தோம். போகும்போது, வாங்கிய மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று அவரே அதை உங்கள் மாமியார் படத்துக்குப் போட்டுவிட்டார். படத்துக்குக் கொஞ்சம் பெரிதுதான். முகம்மட்டும் தெரிகிறது.

ஆகையால் மாப்பிள்ளை, தீர யோசித்து நான் முடிவு செய்தது இது. சாப்ட்வேர் எனக்குச் சரிப்படாது. இனிமேல் விளம்பரத் தாள்கள் அனுப்ப வேண்டாம். ஜெயபாயிடம் நாளைக்கே வந்து கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் என்று அவர் "ஐயா வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று மாற்றிப் பேசிவைத்திருக்கிறார். பெங்களூருக்கு வந்து இருப்பது என்ற பேச்சையும் இத்தோடு விட்டுவிடலாம். என்னைத் தேடி நாலு பேர் வருகிற இடம் இது. எனக்கு இங்கே ஒரு தனிமையும் கிடையாது; பரிபூரணத்திடமும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் கூடிவர சாஸ்தாவை வேண்டிக்கொண்டு, இருவர் தலையிலும் கை வைத்ததாக நினைத்து ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
அ. கண்ணுச்சாமி

பின்குறிப்பு: கவர் வாங்கத் தபாலாபீஸ் போய்த் திரும்பினேன். கம்ப்யூட்டர் மெஷினில், குரல் பதிந்திருக்கிறது என்று விளக்கு மினுக்கியது. போட்டுக் கேட்டால் பரிபூரணம். எப்போதும் போனில் நான் சாப்பிட்டாயா என்பேன், அவள் சாப்பிட்டீர்களா என்பாள், இரண்டு பேரும் ஆச்சு என்று வைத்துவிடுவோம். மெஷினிடம் அவள் அப்படிப் பேசவில்லை. "அப்பா, நீங்க இல்லாதது நல்லதாப் போச்சு. இருந்தா என்னால பேச முடியாது. இங்க பக்கத்து வீட்ல யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. ஒங்க மாப்பிள்ள காலையில போனா ராத்திரிதான் வாராக. நேத்து அம்மா மாதிரியே மொச்சக்கொழம்பு வச்சேன், வாய்க்கு வெளங்கல. அம்மா பெருங்காயம் போடுவாளா மாட்டாளா? அத இனிம நான் யார்ட்ட கேக்க? வந்துருவாரு வந்துருவாருங்காளே இந்தப் பொம்பள, இங்க எப்பப்பா வருவீக?" அதற்குமேல் மெமரி பத்தவில்லை.

இது உங்கள்மேல் குறை இல்லை மாப்பிள்ளை, உத்தியோகம் அப்படி. ஜெயபாயை நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெஷின் இருக்கட்டும், கட்சிக்காரர்கள் கொஞ்ச நாள் அதனோடு பேசிக்கொள்ளட்டும். மேலே பெங்களூரைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் கிளம்புகிறேன். பெருங்காயம் போட மாட்டாள் என்று அவளிடம் சொல்லுங்கள். புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம், விசாரித்து நானே வந்துவிடுவேன். முடிந்தால் வாருங்கள்.