பூசணிக்காய்ப் பரணி

வாழ்க அன்புசெல்வன்! கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டின் புகைசூழ் பெருவெளியிலே, தகடு வெட்டும் ஆலையின் தனிப்பெருந்தூணாய் நின்று, இரும்புத் தகட்டை அப்பளமென நொறுக்கும் எந்திரத்தை ஒற்றைப் பொத்தானால் அடக்கியாளும் அண்ணல் வாழ்க! கேன்டீன் சாம்பாரை மும்முறை வாங்கியும் முகஞ்சுளியா மறவன் வாழ்க! அவன் ஏறும் பைக்கும் வாழ்க, அதற்குப் பெட்ரோல் வார்க்கும் எளாவூர் பங்கும் வாழ்க!

இத்தகைய வீரனுக்கும் ஒரு வடு உண்டு. சென்ற ஆண்டு ஆயுதபூசையன்று, ஆலைவாயிலிலே திருஷ்டிப் பூசணியை அவன் தலைக்குமேல் தூக்கி, திக்கெட்டும் நடுங்க ஓங்கியடித்தான். அந்தப் பாழாய்ப்போன காயோ உடையாமல் உருண்டு, சாலை கடந்து, நின்றுகொண்டிருந்த ஆந்திரா லாரியின் அடியில் புகுந்து, மறுபுறம் முழுசாக வெளிவந்து, ஒரு கீறலும் இன்றி இளைப்பாறியது. அன்றுமுதல் அவனுக்கு ‘உருளை’ என்று பெயர். வாயிற்காவலர் முதல் மேலாளர்வரை அனைவரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

தை மாதம் அவனுக்கு மாலைசூட இருந்தவள், பேக்கிங் பிரிவின் பேரொளி, கயல்விழிச் சுகிர்தா. பண்டைநாளில் போருக்கேகும் வீரனுக்கு மங்கையர் தும்பைப்பூ தந்தனர் என்பர்; இவள் சந்தன நிறத்தில் ஒரு புதுச்சட்டை தந்தாள். கூடவே ஆணையும் தந்தாள்.

“இந்த வருசமாவது ஒட்ச்சிடுய்யா. பத்திரிகைலயே மாப்ள பேரு உருளைன்னு அடிக்கச் சொல்லி சிரிக்கிறானுங்க. எனக்கு பேஜாரா கீது.”

சட்டையை மார்போடு அணைத்து அன்புசெல்வன் முழங்கினான்: “பெரியபாளையத்தா மேல ஆணை! ஒரே போடு!”

ஆனால் எந்த அரசவையில்தான் சூழ்ச்சி இல்லை? ஸ்டோரின் இருள்மூலையிலே நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே கொலுவிருந்தான் பரசுராமன். பல்லாண்டு பூசணி உடைத்த பழங்கை அவனுடையது. அந்தப் பெருமை இளையவனிடம் போனதில் உள்ளே பல்லைக் கடித்து வெளியே பல்லைக் காட்டுபவன். அவ்வாலையின் மரபுகள் இரண்டும் அவனுக்கு அத்துப்படி. ஒன்று, பூசணியின் தலையில் துளையிட்டுக் குங்குமம் நிரப்புபவரே அதை உடைக்கவும் உரியவர். மற்றொன்று, பொட்டிட்டுக் கற்பூரம் காட்டிய கருவியை மறுநாள்வரை ஒருவரும் தொடலாகாது. இரண்டையும் முடிச்சுப்போட்டு அவன் வலை பின்னினான்.

“நைனா, பக்தின்னா உன்ன மாரி இருக்கணும்” என்று பூசையன்று காலையிலேயே தேன்வார்த்தான். “ஒரு பிளேடு கூட வுடாத. அல்லாத்துக்கும் பொட்டு வெச்சு சாமிகிட்ட வெச்சுடு.”

புகழுரை கேட்டால் உருகிப்போவது நம் வீரனின் குணம். உளியும் ரம்பமும் அடுக்கினான்; அலுவலகக் கத்தரிக்கோலை அடுக்கினான்; கேன்டீனில் முத்தம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கையிலிருந்தே பிடுங்கினான்; நிறைவாகத் தன் பையிலிருந்த பேனாக்கத்திக்கும் பொட்டிட்டு வணங்கி வைத்தான். மணி ஒலித்தது. கற்பூரம் எரிந்தது.

“ம், பூசணிக்கு ஓட்டை போடுப்பா!” என்றார் மேலாளர் ஆதிகேசவன்.

அன்புசெல்வன் பையில் கைவிட்டான். கைக்குட்டைதான் வந்தது. அந்தோ! மலையிரும்பைப் பிளக்கும் அம்மாபெரும் ஆலையிலே, ஒரு பூசணியைக் கீற ஓர் இரும்பில்லை! அப்போதுதான் பரசுராமன் புன்முறுவலோடு முன்வந்து, வேட்டிமடிப்புக்குள் ஒளித்திருந்த, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை உருவினான்.

“எங்கிட்ட ஒண்ணு கீது சார். பொட்டு வெக்க மறந்துட்டேன்.”

சூது விளங்கியது. வீரனின் நெஞ்சு கொதித்தது. கூட்டத்தில் சுகிர்தாவின் முகம் வாடியதைக் கண்டான். அதற்குமேல் அவன் எதையும் காணவில்லை. வாயிலின் இடத்தூணில் கட்டியிருந்த வாழைக்கன்றைக் கயிற்றோடு பறித்து, “அத்த கீழ போடுய்யா, துரோகி!” என்று கர்ச்சித்தான். பரசுராமன் வலத்தூணின் கன்றைப் பறித்தான். இரு வாழைகளும் மோதின. இலைகள் நார்நாராகக் கிழிந்தன. தண்டுகள் பிளந்து சாறு மழையெனத் தெறித்தது. மேலாளர் ஆரத்தித் தட்டோடு வாட்ச்மேனின் நாற்காலிக்குப் பின்னே பதுங்கினார். பொரிகடலை காற்றில் பறந்தது. இறுதியில் அன்புசெல்வன் சுழற்றிய ஓரடி பரசுராமனின் மணிக்கட்டில் விழ, கத்தி கைநழுவி, வானில் மும்முறை புரண்டு, சாமிமுன் இருந்த குங்குமத் தட்டில் பிடிவரை புதைந்தது.

முத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு தீர்ப்புரைத்தாள்: “குங்குமம் பட்டுச்சு. இனிமே நாளைக்குத்தான் எடுக்கணும்.”

வென்றவனுமில்லை, வாளுமில்லை. இருவரும் மூச்சிரைக்க நின்றனர். அப்போது சுகிர்தா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். தயிர்சோற்று ஸ்பூனை எடுத்து முந்தானையில் துடைத்தாள். பூசணியை மடியில் வைத்து, உச்சியைச் சுரண்டித் துளையிட்டு, குங்குமம் நிரப்பிவிட்டாள். இத்தனை பேரின் மூளைக்கும் எட்டாத அந்த ஆயுதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டு, பூசணியை அன்புசெல்வனிடம் நீட்டினாள்.

அவனுக்கு ஆணை நினைவுக்கு வந்தது, லாரி நினைவுக்கு வந்தது, ஓராண்டுச் சிரிப்பும் நினைவுக்கு வந்தது. மனம் கேட்கவில்லைதான். ஆனாலும் அறம் பிழையாத அண்ணல் ஓரடி பின்வாங்கி, தலைவணங்கிச் சொன்னான்: “ஓட்டை போட்டவங்கதான் ஒடைக்கணும். நீயே போடு சுகி.”

அவள் அவனை ஒருகணம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஆயிரம் பூசணி ஈடாகாது. பிறகு தூக்கினாள், காட்டுப்பள்ளித் துறைமுகக் கப்பலும் அசைந்தது எனும்படி ஓங்கினாள், ஒரே போடு! பூசணி சுக்குநூறாகித் தெறிக்க, செந்நிறச் சில்லொன்று பரசுராமனின் வெள்ளைவேட்டியைத் தேடிப்போய் ஒட்டியது. ஆலை ஆர்ப்பரித்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் அன்புசெல்வன். அந்த மகிழ்ச்சியில் பொய்யே இல்லை. அந்த ஆரவாரத்தில் உருளை என்னும் பெயர் மாண்டது. அவனுக்கு வாழைத்தண்டு என்னும் பெயர் பிறந்தது.

சுகிர்தா அருகே வந்து, தான் வாங்கித்தந்த சட்டையின் கைமடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

“வாழக்கறை. போவாது” என்றாள்.

அந்தச் சட்டையால்தான் அவன் இப்போது பைக் துடைக்கிறான்.